92 ஹைலக்ஸ்: விடியவில ஸ்டார்ட் வருதில்லை, முன் சில்லும் இழுக்குதில்லை

வயல்காரன்:
அண்ணைமார் ஒரு உதவி. போன மாசம் 92ஆம் ஆண்டு டபிள் கப் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒண்டு எடுத்தனான், எல்என்106 மொடல், 3எல் எண்ட பேர் உள்ள எஞ்சின், 2.8 லீற்றர் டீசல். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில மாமரத்துக்குக் கீழ 6 வருசமா நிண்டது. 2020இல இலங்கையில வாகன இம்போர்ட் நிப்பாட்டேக்க ஏறின விலை இன்னும் இறங்கின மாதிரித் தெரியேல்லை, அதால கறள் பிடிச்சதெண்டாலும் பரவாயில்லை எண்டு எடுத்திட்டன்.

இப்ப ரெண்டு பிரச்சினை. விடிய ஸ்டார்ட் அடிச்சா மோட்டர் நல்லாச் சுத்துது ஆனா எஞ்சின் பிடிக்குதில்லை. டீசல் பில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்பை ஒரு இருபது தரம் அமத்திப்போட்டு அடிச்சா உடன பிடிக்குது, பிறகு நாள் முழுக்க ஒரு கரைச்சலும் இல்லை, அடுத்த நாள் விடிய திருப்பி அதே கதை. ஹீற்றர் பிளக் நாலும் புதுசு போட்டாச்சு. கராஜில மெக்கானிக் பாஸ் பார்த்திட்டு டீசல் பம்ப் பழுது, கழட்டிச் செய்யவேணும் எண்டு சொல்லுறார், அவர் சொன்ன காசைக் கேட்டு எனக்குத் தலை சுத்திட்டுது.

மற்றது, வயலுக்குள்ள இறக்கி எச்4, அதுதான் நாலு சில்லும் இழுக்கிற கியர், போட்டன், டாஷில லைட்டும் எரியுது, ஆனா பின் சில்லு ரெண்டும் சேத்தைக் கிண்டுது, முன் சில்லு சும்மா நிக்குது. கடைசியா பக்கத்து வயல் அண்ணை ட்ரக்டர் கொண்டுவந்துதான் இழுத்தவர். அந்தாள் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ள கேக்குது.

கறள்கட்டி:
தம்பி பம்பைக் கழட்ட விடாதையும். கைப்பம்ப் அமத்தினோண்ண பிடிக்குது எண்டு நீரே சொல்லுறீர், பிறகென்ன? ராவில எங்கையோ காத்து இழுத்து டீசல் ராங்குக்குத் திரும்பி இறங்குது. ராங் கீழ, பம்ப் மேல. அந்த லைன் முழுக்க உறிஞ்சுற பக்கம், அதால ஓட்டை இருந்தாலும் வெளியில டீசல் சொட்டாது, காத்துத்தான் உள்ள போகும். கன பாஸ்மார் ஈரம் இல்லை, அப்ப லீக்கும் இல்லை எண்டு முடிவு கட்டுறது இதாலதான்.

ஒரு போத்தல் டீசலை பொனட்டுக்குக் கீழ பம்பை விட உயரமாக் கட்டும். பில்டருக்கு வாற ஓஸைக் கழட்டி அதுக்குள்ள விடும், ரிட்டேர்ன் ஓஸையும் அதே போத்தலுக்குள்ள விடும். காத்து எடுத்து ஸ்டார்ட் பண்ணி ஒருக்கா ஓடவிட்டு நிப்பாட்டும். விடிய ஒரு அடியில பிடிச்சு, பில்டரடியில ஈரமும் இல்லையெண்டா பிழை போத்தலுக்குப் பின்னால, ராங்குக்கும் பில்டருக்கும் நடுவில. பிடிக்காட்டி, இல்லாட்டி பில்டரடியில ஈரம் தெரிஞ்சா, பில்டர் ஹெட், அந்தக் கைப்பம்பின்ர றப்பர், இதுகளைப் பாரும். 30 வருசத்து றப்பர் வெளியில நல்லா இருக்கும், மடிச்சுப் பார்த்தா வெடிச்சிருக்கும்.

இன்னொண்டு, விடிய ஸ்டார்ட் அடிக்கேக்க சைலன்சரால வெள்ளைப் புகை வருதோ? வந்தா டீசல் உள்ள போகுது, எரியேல்லை, அப்பதான் ஹீற்றர் பிளக், கொம்பிரசன் எண்டு யோசிக்கவேணும். புகையே இல்லையெண்டா டீசலே போகேல்லை. பிளக் வாங்க முதல் இதைப் பார்த்திருக்கலாம், சரி விடும்.

சேத்துராசா:
லைட்டை நம்பாதைங்கோ அண்ணை, அது ட்ரான்ஸ்பர் கேஸ், அதுதான் முன் சில்லுக்கு இழுவை பிரிச்சுக் குடுக்கிற பெட்டி, அதின்ர லீவர் விழுந்ததுக்கு மட்டுந்தான் எரியும். முன் சில்லு நடுவில ஒரு திருகி இருக்கெல்லோ, ஃபிரீ, லொக் எண்டு எழுதி? அது ரெண்டு பக்கமும் லொக்கில இருக்கவேணும். இதை முதல் கேக்கிறதுக்குக் கோவிக்காதைங்கோ, நானும் முதல் வருசம் ஒரு பக்கம் மட்டும் திருப்பிப்போட்டு மாங்குளத்துக் காட்டுப் பாதையில அரை நாள் நிண்டனான்.

திருப்பியும் பிடிக்காட்டி பின் சில்லுக்குக் கட்டை வைச்சு, முன்பக்கம் ரெண்டு சில்லும் நிலத்தில முட்டாம ஜக் அடிச்சு ஸ்டாண்டில விடுங்கோ. எஞ்சின் ஓஃப், எச்4, ஒரு கியர் விழுத்துங்கோ. இப்ப இடது சில்லைக் கையால சுத்தினா வலது எதிர்ப்பக்கம் சுத்தவேணும். சுத்தேல்லையெண்டா அநேகமா ஒரு ஹப், அதுதான் அந்தத் திருகி இருக்கிற பகுதி, கவ்வேல்லை. ஹப் மூடி 6 போல்ட், பத்தாம் நம்பர் சாவி. உள்ள பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும், டீசலில கழுவி மெல்லிசா மட்டும் கிரீஸ் பூசுங்கோ, அடைஞ்சு வைச்சா திருப்பி ஒட்டும்.

சோதிக்கிறன் எண்டு தார் ரோட்டில மட்டும் எச்4 போட்டு வளைக்காதைங்கோ.

கறள்கட்டி:
முன் சில்லுக்குப் பின்னால இருக்கிற அந்த உருண்டையையும் ஒருக்கா பாரும். கிரீஸ் தடிப்பா இருந்தா சரி. தண்ணி மாதிரி ஒழுகினா டிப்ரென்சல் ஒயில் உள் சீலால வந்து கிரீஸைக் கழுவுது எண்டு அர்த்தம், அது சும்மா விடுற வேலையில்லை.

மோட்டார்மாமா:
எல்லாரும் டீசலையும் சில்லையும் கதைக்கிறியள், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கிற ரைமிங் பெல்ட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. 3எல்லுக்கு உள்ள ஓடுறது செயின் இல்லை பெல்ட். 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா டாஷில டி-பெல்ட் லைட் வரும், ஆனா பெல்ட் மாத்தாமலே அந்த லைட்டை அணைக்கலாம், விக்கிற ஆக்களுக்கு அது நல்லாத் தெரியும். அறுந்தா வால்வு பிஸ்டனில அடிபட்டு எஞ்சின் இறக்கவேண்டி வரும். மாத்தின பில் துண்டு இல்லையெண்டா மாத்தேல்லை எண்டே எடு மருமோன், பெல்ட்டோட அதை இறுக்கிப் பிடிக்கிற ரென்சனரும் மாத்து. அதுவரைக்கும் தூர ஓட்டம் வேண்டாம்.

வயல்காரன்:
போத்தல் வேலை செய்துது! விடிய ஒரே அடி. ராங்குக்கு மேல பைப்பும் ஓஸும் சேருற இடத்தில கிளிப் கறளிச்சு, ஓஸ் வாய் வெடிச்சிருந்தது. கீழ படுத்துப் பார்த்தாத் தெரியாது, பின் பெட்டியை நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் கண்டது. ரெண்டு மீற்றர் டீசல் ஓஸும் நாலு கிளிப்பும், அவ்வளவுதான் செலவு.

வலது ஹப் கல்லு மாதிரி, கழுவிப் பூட்டியாச்சு, இப்ப ரெண்டு சில்லும் எதிரும் புதிருமாச் சுத்துது. ஆனா இடது உருண்டையில கறள்கட்டி அண்ணை சொன்ன அதே தண்ணி ஒழுகல் இருக்கு. பெல்ட் மூடியும் கழட்டிப் பார்த்தன் மாமா, பெல்ட்டில எழுத்தே இல்லை, அழிஞ்சு போச்சு. சனிக்கிழமை பெல்ட். உருண்டைக்குச் சீல் செட் மாறி வாங்கிடுவன் எண்டு பயமா இருக்கு, பழைய சீலைக் கழட்டிக்கொண்டு கடைக்குப் போறதோ, இல்லாட்டி சேசி நம்பரைக் குடுத்தாக் காணுமோ?

கறள்கட்டி:
ரெண்டையும் கொண்டு போம்.