ஒன்றரை வயசு பாப்பாவோட முதல் தடவை சிங்கப்பூர்

பெங்களூர்ல இருக்கோம், ஜூன்ல பாப்பாவோட சிங்கப்பூர் போகலாம்னு இருக்கோம், அவளுக்கு இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கல, பிளைட்ல நாலரை மணி நேரம் எப்படி உட்காருவாளோன்னு இப்பவே பயமா இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

மாரத்தஹள்ளி அம்மா: முதல்ல பாஸ்போர்ட் அப்ளை பண்ணுங்க பா. குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்க அப்பா அம்மா குடுக்கற உறுதிமொழி ஃபார்ம் அனெக்ஸர் டி, அதுல ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், 4 வயசுக்குள்ளன்னா வெள்ளை பேக்ரவுண்ட் போட்டோ நீங்களே கொண்டு போகணும். எங்க பையன் கண்ணை திறக்கவே மாட்டேன்னுட்டான், அந்த போட்டோவுக்கே ரெண்டு நாள் ஆச்சு! விசா குழந்தைக்கும் தனியா வேணும்.

ரெண்டு குட்டி அப்பா: டிக்கெட் போடறப்ப ஒண்ணு பாருங்க, 2 வயசுக்குள்ளன்னா மடில வெச்சுக்கலாம், ஆனா டிரிப் நடுவுல 2 முடிஞ்சுட்டா ரிட்டர்னுக்கு தனி சீட் வாங்கணும். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் குடுங்க, விழுங்கிட்டே இருந்தா காது அடைக்கிறது குறையும்.

கேட்டவர்: ரொம்ப தேங்க்ஸ் ணா. சாப்பாட்டுக்கு?

மாரத்தஹள்ளி அம்மா: அங்க லிட்டில் இந்தியான்னு ஒரு ஏரியா இருக்கு, அங்க இட்லி, தயிர் சாதம் எல்லாம் கிடைக்கும், கவலையே படாதீங்க. காய்ச்சல் மருந்து மட்டும் டாக்டர் சீட்டோட ஹேண்ட் பேக்லயே வைங்க. சிங்கப்பூருக்குள்ள போக நிரப்பற அரைவல் கார்டு ஃபார்மை இறங்கறதுக்கு 3 நாள் முன்னாடியிலிருந்து ஆன்லைன்ல போடலாம், ஃப்ரீதான், பாப்பாவுக்கும் சேர்த்து போடுங்க.