மோடம் போட்ட ஞாயிறு

*ஞாயிறு காலை*

பெரியப்பா, 5:12
எல்லாரும் எழுந்தாச்சா? வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். நன்றாக மோடம் போட்டிருக்கிறது.

மாமா, 5:14
கத்திரியில் இப்படி ஒரு நாள் கிடைப்பதே பெரிசு. ஆறு மணிக்கு வண்டி என் வாசலில் இருக்கணும்.

ஓசூர் சித்தி, 5:20
எங்கே கிளம்பிவிட்டீர்கள்? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.

நான், 5:21
வியாழக்கிழமையே இங்கே போட்டேன் சித்தி. மல்லசந்திரம், கல்திட்டை இருக்கிற மலை.

ஓசூர் சித்தி, 5:22
நடுவில் நாற்பது குட்மார்னிங் படம் வந்தால் எப்படிக் கண்ணில் படும்? அக்காவையுமா கூட்டிப் போகிறாய்? அவள் முட்டி?

நான், 5:24
அதற்காகத்தான் கிருஷ்ணகிரி கோட்டையும் வேண்டாம், ராயக்கோட்டையும் வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். இது நிதானமான ஏற்றம். ஊர்ப்பக்கம் ஏறி, மேலே பாறையில் ஒரு சுற்று சுற்றி, மாந்தோப்பு வழியாக இறங்கினால் வண்டி நிறுத்திய இடத்துக்கே வந்துவிடலாம்.

மாமா, 5:25
மோடம்தானே என்று தண்ணீர் எடுக்காமல் வராதீர்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில்.

அம்மா, 5:31
(குரல் பதிவு 0:48)

ஓசூர் சித்தி, 5:33
கேட்டேன். புளிசாதம் கட்டியாச்சாம். முட்டியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அதில் பங்கு இல்லையாம் 😄

*ஞாயிறு மதியம்*

நான், 1:40
(9 படங்கள்)
வந்து சேர்ந்துவிட்டோம். ஆளுக்கு இரண்டு பாட்டில் என்று உத்தரவு போட்டவர் தன்னுடையதைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தார் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

மாமா, 1:42
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஓசூர் சித்தி, 1:45
நாலாவது படத்தில் பூ விரிந்த மாதிரி நிற்கிறதே, அது என்ன?

நான், 1:49
அதுதான் கல்திட்டை சித்தி. நடுவில் நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரே கல்லை மூடியாகப் போட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றி வட்டமாக இன்னும் கற்கள். சிலதுக்குத் தலைப்பக்கம் வளைவாகச் செதுக்கியிருக்கிறது. ஒன்றிரண்டின் உள்ளே வெள்ளை நிறத்தில் ஓவியம்கூட இருக்கிறது, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

பாப்பா, 1:51
ஒரு கல்லில் ரவுண்டா ஓட்டை இருக்கு சித்தி. நான் தலையை விடப் போனேன், பெரியப்பா காதைப் பிடிச்சு இழுத்துட்டார்.

பெரியப்பா, 1:54
அது இடுதுளை. செத்தவர்களுக்காகக் கட்டிய இடம், தலையை விடலாமா? பெரும்பாலும் கிழக்குப் பார்த்துத்தான் வைப்பார்கள். இன்று அதுதான் நமக்கு உதவியது.

நான், 1:57
ஆமாம். மேலே போனதும் தடம் இரண்டாகப் பிரிந்தது. சூரியனே கண்ணில் படவில்லை, நாலு பக்கமும் ஒரே சாம்பல். மாமா போனில் திசைகாட்டியைத் திறந்து கையால் எட்டு போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் பெரியப்பா துளை இருந்த பக்கத்தைக் காட்டி, 'அது கிழக்கு, தோப்பு இந்தப் பக்கம்' என்று நடந்துவிட்டார். சரியாகத் தோப்பில்தான் இறங்கினோம்.

ஓசூர் சித்தி, 2:01
அவ்வளவு பெரிய கல்லை அந்தக் காலத்தில் எப்படி அறுத்தார்களாம்?

மாமா, 2:06
அறுக்க வேண்டாம்மா. நான் குவாரியில் பார்த்திருக்கிறேன். பாறை மேல் விறகைப் பரப்பி நெருப்பு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனால், சூட்டில் மேல்தோல் மட்டும் உப்பிப் பிரியும். தட்டினால் அந்த இடம் வேறு மாதிரி சத்தம் கொடுக்கும். அப்புறம் உளி வைத்துப் பாளமாக எடுப்பார்கள். இன்று ஒரு கல்லில் கை வைத்துப் பார்த்தேன், நாலு விரல் கனம், ஒரே சீராக. இப்படித்தான் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா, 2:10
உளி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் மாவட்டத்திலேயே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே. பர்கூர் பக்கம். அடுத்த நடை அங்கேதான்.

பாப்பா, 2:12
அங்கே நிழல் இருக்கா?

நான், 2:13
இங்கே மட்டும் இருந்ததா? வெறும் பாறை. வெயில் அடித்திருந்தால் எட்டு மணிக்கே கால் வைத்திருக்க முடியாது. இன்று அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் நடந்தாள். பாறை சில்லென்று காலுக்கு இதமாக இருக்கிறதாம்.

மாமா, 2:15
தோப்பில் செந்தூரா வாங்கினோம், ஒரு பை உனக்கு. பெங்களூரா இன்னும் காய்தான், ஊறுகாய்க்கு வேண்டுமானால் சொல்.

ஓசூர் சித்தி, 2:17
இரண்டும் வேண்டும். அது சரி, ஏழாவது படத்தில் சாப்பிடுகிற பாறை ஓரத்தில் பளபளவென்று ஏதோ கிடக்கிறதே. அது அக்காவின் தூக்குப்போசி மூடி இல்லையா?

நான், 2:18
ஐயோ.

மாமா, 2:18
போசி மட்டும்தான் வண்டியில் இருக்கிறது.

நான், 2:20
சித்தி, அதை அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அம்மா, 2:24
(குரல் பதிவு 0:09)

ஓசூர் சித்தி, 2:25
யாரும் போக வேண்டாமாம். அடுத்த ஞாயிறு அவளே ஏறி எடுத்து வருகிறாளாம்.