கேம்பர் வண்டியில் இரண்டாவது பேட்டரி முழுதாக ஏறவில்லை

1996 மாடல் டீசல் ஃபோர் வீல் டிரைவ் ஒன்றைக் கேம்பராக (உள்ளேயே படுத்துத் தங்கிப் பயணிக்கும் வண்டியாக) மாற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டில், அலமாரி எல்லாம் முடிந்தது. மாட்டிக்கொண்டது கரண்ட் விஷயத்தில்தான்.

பின்பக்கம் 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்காக 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி வைத்திருக்கிறேன். நான்கு மணி நேரம் ஓட்டினாலும் முழுதாகச் சார்ஜ் ஏறுவதில்லை. விடிவதற்குள் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. மூன்று வாரமாக இதே கதை.

என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரில் (என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருவது) 14.2 வோல்ட், பின் பேட்டரியில் 13.3தான். இடையில் ஐந்து மீட்டர் வயர், 6 சதுர மில்லிமீட்டர். (போடும்போதே மெலிதோ என்று தோன்றியது, சோம்பல்.) இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ரிலேயை (தானியங்கி சுவிட்ச்) மாற்றினேன், எர்த் இணைப்பைச் சுரண்டி மறுபடி முறுக்கினேன், வேறு பேட்டரியும் வைத்துப் பார்த்தாயிற்று. அப்புறமும் அதே அளவுதான்.

25 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால் போதுமா, இல்லை வோல்ட்டைச் சரியான அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் போட வேண்டுமா?