பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டேன்: பி.எட்., கோடிங் தவிர வேறு வழி உண்டா?

அரியலூர்_வெண்ணிலா
வணக்கம். அரசு கலைக் கல்லூரியில் இந்த ஆண்டு விலங்கியல் முடித்தேன். முடிவு வந்த நாளிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. மாமா பி.எட். சேரச் சொல்கிறார். சென்னையில் இருக்கும் அண்ணன் மெடிக்கல் கோடிங் என்கிறான். "நீட் எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது" என்று சித்தி போகிற போக்கில் ஒரு குத்து. எனக்குப் பிடித்தது நுண்ணோக்கிதான். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைச் சிதையாமல் எடுத்துக் கண்ணாடியில் பதிப்பதில் வகுப்பிலேயே என் கை சுத்தம் என்பார்கள். "அதற்கு யாரம்மா சம்பளம் கொடுப்பார்கள்?" என்கிறார் அப்பா. எம்.எஸ்சி. படிக்கவைக்க அவருக்குத் தயக்கமில்லை, பிறகு வேலை கிடைக்குமா என்பதுதான் கவலை. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பெருங்குடி_கோடர்
தங்கை, அண்ணன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். நான் தாவரவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10 குறியீடும் செய்த சிகிச்சைக்கு சிபிடி என்ற இன்னொரு பட்டியலின் குறியீடும் போட வேண்டும். அதை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். நேர்முகத்தில் உடற்கூறியலும் உடலியங்கியலும் கேட்பார்கள், உங்களுக்கு அது சிரமமாக இராது. சிபிசி என்ற கோடர் சான்றிதழ் இருந்தால் சம்பளம் ஏறும். அதன் தேர்வில் 100 கேள்வி, 4 மணி நேரம், 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. "வேலைக்கு நாங்கள் பொறுப்பு" என்று பெருந்தொகை கேட்கும் பயிற்சி மையங்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். மற்றபடி நாள் முழுக்கக் கணினித் திரைதான், நுண்ணோக்கி கிடையாது.

மரக்காணம்_இறால்
அப்பாவை ஒருநாள் மரக்காணத்துக்கு அழைத்து வாருங்கள், யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று காட்டுகிறேன். இங்கே கடற்கரையோரம் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் நிறைய உண்டு. நானும் விலங்கியல் படித்தவன்தான், அதில் ஒன்றில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

நாங்கள் வளர்க்கும் வன்னமி இறால் பசிபிக் கடலின் அமெரிக்கப் பக்கக் கரையைச் சேர்ந்தது. நோயற்ற தாய் இறாலை விமானத்தில் வரவழைத்து, சென்னை நீலாங்கரையில் தனியே வைத்துச் சோதித்த பிறகே பொரிப்பகத்துக்கு விடுகிறார்கள். முட்டை ஒரே இரவில் பொரிந்துவிடும். பிறகு நாப்ளியஸ், ஜோயியா, மைசிஸ், போஸ்ட் லார்வா: பாடத்தில் நீங்கள் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய அதே பருவங்கள். ஜோயியாவுக்குக் கீட்டோசெராஸ் என்ற நுண்பாசி வேண்டும், அதை நாமே வளர்க்கிறோம். அடுத்த பருவங்களுக்கு ஆர்டிமியா என்ற சின்ன உப்புநீர் உயிரி. நுண்ணோக்கியில் வைத்து, குடல் நிறைந்திருக்கிறதா, பின்னால் கழிவு இழை நீளமாக வருகிறதா, நுண்மயிர்கள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்து ஆய்வகம் சொன்ன பிறகே தொட்டியில் அடுத்த வேலை நடக்கும். வெளியே அனுப்புமுன் வெண்புள்ளி நச்சுயிரிக்கும், இறாலின் வளர்ச்சியைக் கெடுக்கும் ஈஎச்பி ஒட்டுண்ணிக்கும் பிசிஆர் சோதனை. விவரம் தெரிந்த பண்ணைக்காரர் அந்தத் தாளைப் பார்க்காமல் குஞ்சு எடுக்க மாட்டார்.

கசப்பும் உண்டு. தொடக்கச் சம்பளத்தைச் சொன்னால் உங்கள் அண்ணன் சிரிப்பார். குஞ்சுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறால் உட்பட இந்தியப் பொருட்களின் மீதான இறக்குமதி வரியை 50 விழுக்காடாக்கியதும் பண்ணைக்காரர்கள் குளம் நிரப்பத் தயங்கினார்கள். எங்கள் தொட்டிகள் சில காய்ந்து கிடந்தன. எங்களிடம் பாசி அறையிலும் பிசிஆர் ஆய்வகத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கே சேர்ந்தாலும் தங்குமிடத்தை நேரில் பார்க்காமல் சேராதீர்கள்.

எம்.எஸ்சி. என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அரியலூரிலிருந்து எட்டாத தொலைவில்லை.

விலங்கியல்_ஆசிரியர்
மாமாவுக்காக ஒரு வார்த்தை. வெறும் பி.எட். போதாது. பட்டதாரி ஆசிரியராக டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் அதற்குமேல் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் மேல்நிலை வகுப்புகளுக்கான தேர்வு எழுதலாம். எம்.எஸ்சி. படிக்கும்போதே சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உயிர் அறிவியலை முயலுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்து ஆய்வில் சேர்ந்தால் மாதம் ரூ.37,000 உதவித்தொகை. இன்னொன்று, இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியல் பட்டம் தகுதியானது. பொறியியல்காரர்கள் அதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், நம் பிள்ளைகள்தான் விண்ணப்பிப்பதில்லை.

அரியலூர்_வெண்ணிலா
எல்லோருக்கும் நன்றி. மரக்காணம் அண்ணா, பி.எஸ்சி.யோடு நேரே சேரலாமா? பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டுமா?

மரக்காணம்_இறால்
சேரலாம், பயிற்சியாளராக எடுப்பார்கள். வேலை தருகிறேன் என்று பொரிப்பகமே பணம் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகள் வேறு, அங்கே கட்டணம் கட்டிப் படிப்பது நியாயம். கோடைப் பருவத்துக்குப் பண்ணைகள் குஞ்சு கேட்டு நெருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் எங்களுக்கு ஆள் போதாது. டிசம்பரிலேயே விண்ணப்பத்தோடு நேரில் வாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.