சிம் அட்டையை அடையாளம் காணாத பழைய தொலைபேசி: உதவி தேவை

தலவாக்கலையில் நான் பயன்படுத்தும், ஆண்ட்ராய்டு 6 கொண்ட இரட்டைச் சிம் கையடக்கத் தொலைபேசி, மார்கழிக் குளிர் தொடங்கியதிலிருந்து "சிம் இல்லை" என்றே காட்டுகிறது. காலையில் அறவே எடுக்காது. சார்ஜ் ஏறிச் சூடான பின் சற்று நேரம் சிக்னல் வந்து, கையில் எடுத்து அசைத்தவுடன் மீண்டும் போய்விடுகிறது.

அதே சிம் தம்பியின் தொலைபேசியில் குறையின்றி வேலை செய்கிறது. அவனுடைய சிம் இதில் எந்தப் பக்கம் போட்டாலும் வேலை செய்வதில்லை. தொடுமுனைகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன், ஃபாக்டரி ரீசெட்டும் செய்துவிட்டேன். *#06# அழுத்தினால் தொலைபேசியின் அடையாள எண்களான ஐ.எம்.இ.ஐ. எண்கள் இரண்டும் தெரிவதால், சிக்னலைக் கையாளும் மோடம் முற்றாகப் பழுதாகவில்லை என்றே கருதுகிறேன். ஹட்டனில் ஒரு திருத்தும் கடையில் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை, அதாவது போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தப் பணத்துக்கு வேறொன்றே வாங்கிவிடலாம்.

சூடானால் வேலை செய்வதை வைத்துப் பார்த்தால், சிம் செருகும் பகுதியான சிம் ரீடரை மட்டும் மீண்டும் சோல்டர் செய்வது (ஈயத்தால் பற்றவைப்பது) போதுமா?