எடைக் கருவியுடன் மின்தூக்கியில் ஏறிய அனுபவம்

மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துபவன் நான். மின்தூக்கி மேல்நோக்கி முடுக்கமடையும்போது (அதாவது, வேகம் கூடும்போது) அதில் நிற்பவரின் தோற்ற எடை (எடைக் கருவி காட்டும் எடை) கூடும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவந்தேனே தவிர, அதைக் கண்ணால் கண்டதில்லை. சென்ற மாதம் உறவினர் ஒருவரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்றபோது, அவர் வீட்டு எடைக் கருவியைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குள் நுழைந்தேன். அந்த டிஜிட்டல் கருவி முதலில் காட்டிய எண்ணையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டதால், அடுத்த வீட்டாரிடமிருந்து பழைய முள் கருவியை வாங்கிவர நேர்ந்தது. காவலாளியின் பார்வையைப் பற்றி எழுதாமலிருப்பதே நலம்.

தரைத்தளத்தில் முள் 62 கிலோவில் நின்றது. புறப்பட்டதும் 67 வரை ஏறி, சிறிது நேரத்தில் மீண்டும் 62க்கு வந்து, மேல்தளத்தில் நிற்பதற்காக வேகம் குறைந்தபோது 57க்கு இறங்கியது. பூமி என்னை இழுக்கும் விசையும் என் நிறையும் (உடலிலுள்ள பொருளின் அளவு) இந்தப் பயணம் முழுவதும் மாறவேயில்லை. தட்டு என் பாதங்களைத் தாங்கிய விசை மட்டுமே மாறியது, கருவி அளப்பதும் அதைத்தான். ஐந்து கிலோ கூடியதை வைத்துக் கணக்கிட்டால், மின்தூக்கியின் முடுக்கம் ஏறத்தாழ 0.8 மீ/வி² என்று வருகிறது. "மேலே போய்க்கொண்டிருக்கும்போது எடை கூடத்தானே வேண்டும்?" என்று கேட்கும் மாணவர்களுக்கு, சீரான வேகத்தில் முள் 62ஐ விட்டு அசையாமல் நின்றதைத்தான் முதலில் சொல்வேன்.

மறுமொழி 1: மளிகைக் கடை வைத்திருக்கும் நான், தங்கள் பகிர்வைப் படித்தபின் எங்கள் பழைய இருதட்டுத் தராசில் ஒரு கிலோ அரிசியையும் படிக்கல்லையும் வைத்து மின்தூக்கியில் ஏறிப் பார்த்தேன். தராசு லேசாக ஆடியதே தவிர, எந்தப் பக்கமும் சாயவில்லை. இரு தட்டுகளின் எடையும் ஒரே விகிதத்தில் கூடிக் குறைவதால், அது நிறையைத்தான் ஒப்பிடுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

மறுமொழி 2: எங்கள் கிணற்றில் பத்து லிட்டர் வாளியை நிதானமாக இழுத்தவரை தாங்கிய தாம்புக்கயிறு, அவசரத்தில் நான் வெடுக்கென்று சுண்டியதும் அறுந்துபோனது. வாளியும் நீருமாகப் பதினொரு கிலோ என்று கொண்டால், அதைத் தாங்கக் கயிற்றுக்குச் சுமார் 108 நியூட்டன் இழுவிசை போதும். 5 மீ/வி² முடுக்கத்துடன் சுண்டினால் அதுவே 163 நியூட்டனாகிவிடும். வெற்று வாளியைக் கையைத் தளர்த்திக் கீழே விடும்போது கயிற்றில் கனமே தெரிவதில்லை. அப்போது வாளிக்கு எடை இல்லை என்று சொல்லலாமா?

மறுமொழி 2க்கு: வாளியைப் பூமி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, தாங்குவதற்கு எதுவும் இல்லாததால் தோற்ற எடைதான் சுழியாகிறது. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருந்தும் வீரர்கள் மிதப்பது, நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான்.