2009 லீடர் ஆப்டிமஸ் செகண்ட் ஹேண்ட்ல வருது, எப்படி பாத்து வாங்கறது?

கோவை_ட்ரக்மோட்:

வணக்கம் மக்களே. ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் படங்கள்ல வர்ற ஃபிகர் (வண்டியா மாறற ரோபோ பொம்மை) மட்டும்தான் சேக்கறேன், கார்ட்டூன் பக்கம் போறதில்ல. இதுவரைக்கும் எல்லாமே சின்ன சைஸ், டீலக்ஸ் தான். இப்ப இங்க ஒருத்தர் மொத்த கலெக்‌ஷனையும் விக்கறாரு, அதுல 2009 ரிவெஞ்ச் ஆஃப் த ஃபாலன் லீடர் க்ளாஸ் (பெரிய சைஸ்) ஆப்டிமஸ் ப்ரைம் இருக்கு, அதான் லாரியா மாறற ஹீரோ ரோபோ. பெட்டி கிடையாது, மேனுவலும் கிடையாது, லூஸ் பீஸ். ஃபோட்டோல பாத்தா சூப்பரா இருக்கு ஆனா ஃபோட்டோவ நம்பி என்ன பண்றது. இன்னும் கொஞ்சம் காசு சேத்தா அதே ஆப்டிமஸோட ஸ்டுடியோ சீரிஸ் 44 வாங்கிடலாம், ரொம்பவே சேத்தா மாஸ்டர்பீஸ் ரகமான எம்பிஎம்-4 ஆப்டிமஸ் கூட யோசிக்கலாம்.

எனக்கு ஷெல்ஃப்ல ஒரே ஒரு ஆப்டிமஸ் போதும், ஆனா அது சும்மா நிக்கக்கூடாது, கையில எடுத்து லாரியா ரோபோவா மாத்தி மாத்தி பாக்கணும், அதான் எனக்கு இந்த ஹாபியே. ஞாயித்துக்கெழமை நேர்ல போய் பாக்கப்போறேன். போனா எத எத செக் பண்ணணும்? டூப்ளிகேட்டா இருந்தா எப்படி கண்டுபிடிக்கறது? அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_பிளாஸ்டிக்:

தம்பி, மொதல்ல இந்த ஃபிகர் ஏன் இவ்ளோ பேசப்படுதுன்னு சொல்லிடறேன், அது தெரிஞ்சா எத பாக்கணும்னு உங்களுக்கே புரிஞ்சிடும். 2007ல படத்துக்காக ஐஎல்எம்ங்கற கிராஃபிக்ஸ் கம்பெனி செஞ்ச கம்ப்யூட்டர் ஆப்டிமஸ்ல 10,108 பார்ட்ஸ். திரையில லாரி ரோபோவா மாறும்போது தகடு சுருங்கும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் மறையும், கேமரா அந்தப்பக்கம் திரும்பற நேரத்துல எதையாவது காணாம அடிச்சுடுவாங்க, யாருக்கும் தெரியாது. பொம்மைக்கு அந்த வசதி கிடையாது. லாரில இருக்கற ஒவ்வொரு துண்டும் ரோபோல எங்கயாவது போய் உக்காந்தே ஆகணும். கார்ட்டூன் ஆப்டிமஸ் பெட்டி பெட்டியா இருக்கும், மாத்தறது சுலபம். படத்து ஆப்டிமஸ் அப்படி இல்ல, இடுப்பு ஒல்லி, தோள் அகலம், நெஞ்சுல கண்ணாடி, உடம்பு பூரா தகடு தகடா அடுக்கு. அத ஒரு நீள மூக்கு பீட்டர்பில்ட் லாரிக்குள்ள மடக்கி வைக்கணும்னா டிசைனருக்கு எவ்ளோ தலைவலி யோசிச்சுப் பாருங்க.

2007ல வந்த லீடர் ஆப்டிமஸ் அந்த சவால்ல பாதிதான் ஜெயிச்சுது, லாரி ஓகே, ரோபோ கொஞ்சம் குண்டா படத்துக்கு ஒட்டாம இருக்கும். ரெண்டே வருஷத்துல 2009 லீடர் வந்துச்சு பாருங்க, அதே லாரி, அதே நீலம் சிவப்பு தீ ஜ்வாலை, ஆனா உள்ள இருந்து வர்ற ரோபோ அச்சு அசல் படத்துல பாத்த ஆளு. அதுக்கப்பறம் எத்தனையோ ஆப்டிமஸ் வந்தாச்சு, இன்னும் ஆளுங்க அத தேடி வாங்கறாங்கன்னா இதுதான் காரணம். ரெண்டு முன்கையிலயும் வாள் வெளிய வரும், லைட் சவுண்ட் இருக்கு, அதே படத்துல வர்ற விமான ரோபோ ஜெட்ஃபயரோட லீடர் பொம்மை கிடைச்சா ரெண்டையும் சேத்து மாட்டலாம்.

என்னோட கணக்கு என்னன்னா ஒரு மூவி ஃபிகர எடை போடணும்னா அது நிக்கற அழக பாக்கக்கூடாது, மாறும்போது பாக்கணும். ரோபோவா வச்சு ஃபோட்டோ எடுத்தா எல்லாமே அழகுதான். அதனால விக்கறவர் கிட்ட போனதும் அவரையே ஒரு தடவ மாத்திக் காட்டச் சொல்லுங்க. ரெண்டு லாபம். அவருக்கு அந்த பீஸ் பழக்கமான்னு தெரியும், எந்த இடத்துல அவர் தயங்கறாரு, எங்க அழுத்தி தள்றாருன்னு பாத்தா பிரச்சன எங்கன்னு தெரிஞ்சிடும்.

அப்பறம் நீங்க கையில வாங்கி பாருங்க. லாரியா மாத்தி மேஜை மேல வச்சு தள்ளுங்க, எல்லா சக்கரமும் தரையத் தொடுதா, ஏதாவது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதா. லேசா உலுக்கினா தகடுங்க வாயப் பிளக்கக்கூடாது. பிளந்தா உள்ள ஏதோ ஒரு டேப் (தகட்ட பிடிச்சு வைக்கற சின்ன நாக்கு) உடைஞ்சிருக்கு இல்ல சரியா மாத்தல. ரோபோ மோட்ல இடுப்பு முட்டி ரெண்டையும் மடக்கி காதுகிட்ட வச்சு கேளுங்க, ராச்செட் ஜாயின்ட்னா (உள்ள பல்லு வச்ச மூட்டு) டக் டக்னு தெளிவா சத்தம் வரணும். சத்தமே இல்லாம வழுக்குனா உள்ள பல்லு தேஞ்சுபோச்சு, வெளிய இருந்து ஒண்ணும் பண்ண முடியாது, திருகாணி கழட்டி உள்ள பாக்கணும். இவ்ளோ கனமான ஃபிகர் இடுப்பு தேஞ்சா நிக்கவே நிக்காது, அப்படி இருந்தா எவ்ளோ மலிவா குடுத்தாலும் வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க.

பேட்டரி அறைய கண்டிப்பா திறந்து பாருங்க, இது மறந்துடாதீங்க. வருஷக்கணக்கா உள்ளயே கிடந்த பேட்டரி கசிஞ்சு வெள்ளையா பச்சையா பொடி பூத்திருக்கும். லைட் எரியலைன்னு மட்டும் பாத்து விட்டுடுவாங்க. லேசா இருந்தா வினிகர் தொட்ட பஞ்சுல துடைச்சு எடுத்துடலாம், தகடே அரிச்சிருந்தா போச்சு.

சவுண்ட்வேவ்_சென்னை:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. டூப்ளிகேட் பத்தி நான் சொல்றேன் ப்ரோ. இந்த 2009 மோல்ட காப்பி அடிச்சு நெறைய கேஓ (நாக்ஆஃப், அதாவது டூப்ளிகேட்) வந்திருக்கு, அதே சைஸ்லயும் இருக்கு, பெருசா ஊதிவிட்ட ஓவர்சைஸும் இருக்கு. பெட்டி இல்லாத லூஸ் பீஸ்னா கண்டிப்பா சந்தேகத்தோடதான் போகணும்.

மொத வேல, பொம்மை உடம்புல கம்பெனி பேர் எழுத்து தேடுங்க. ஒரிஜினல்ல எங்கயாவது ஒரு மறைவான தகட்டுல ஹாஸ்ப்ரோ, டோமி பேரு, காப்பிரைட் எழுத்து எல்லாம் பிளாஸ்டிக்லயே கூர்மையா எழும்பி இருக்கும். கேஓல அந்த இடம் மழுங்கி இருக்கும் இல்ல சொரண்டி எடுத்த மாதிரி வெறுமையா இருக்கும். கூடவே சின்னதா மையில அச்சடிச்ச நம்பர் கோட் ஒண்ணு இருக்கான்னும் பாருங்க, ஆனா அது தேஞ்சு போயிருக்கலாம், அது இல்லைங்கறதுக்காக மட்டும் டூப்ளிகேட்னு முடிவு கட்டாதீங்க. அடுத்து பெயிண்ட். தீ ஜ்வாலையோட ஓரம் பாருங்க, கதவு தகட்டுல இருந்து அடுத்த தகட்டுக்குப் போகும்போது கோடு சேருதான்னு பாருங்க, கேஓல பெரும்பாலும் அங்கதான் தடம் மாறும். நீலமும் ஒரு மாதிரி பளபளன்னு அடிக்கும்.

இன்னொரு விஷயம், கேஓ வேற தேர்ட் பார்ட்டி வேற, இங்க நெறைய பேர் ரெண்டையும் குழப்பிக்கறாங்க. தேர்ட் பார்ட்டிகாரங்க லைசென்ஸ் இல்லாம செய்யறாங்கங்கறது உண்மை, ஆனா டிசைன் அவங்களே சொந்தமா யோசிச்சு செய்வாங்க. கேஓ அப்படியே ஒருத்தர் உழைப்ப அச்செடுத்து விக்கறது. நான் கேஓ வாங்க மாட்டேன், அது என் கொள்கை, ஆனா விக்கறவர் கேஓன்னு சொல்லி கேஓ விலைக்கு குடுத்தா அது வேற கதை. ஒரிஜினல் விலைக்கு கேஓவ தள்ளிவிடறதுதான் கோவம் வருது.

ஏன் எல்லாரும் செகண்ட் ஹேண்டுக்கு போறோம்னு புதுசா வந்தவங்களுக்கு தெரியட்டும். பொம்மைக்கு இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. 2021 ஜனவரில இருந்து ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அதனால வெளிநாட்டுல இருந்து ஒண்ணு வரவழைச்சா கஸ்டம்ஸ் தாண்டி கைக்கு வர்றதுக்குள்ள விலை எங்கயோ போயிடும். உள்ளூர்ல நல்ல லூஸ் பீஸ் கிடைச்சா அதுக்கு மரியாதையே தனி.

ஜெட்விங்_மீனா:

எல்லாரும் 2009 லீடருக்கே ஓட்டு போடறீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். அவர் சேக்கறது எல்லாம் டீலக்ஸ்னு சொல்லியிருக்காரு, அத யாரும் கவனிக்கல. ஸ்டுடியோ சீரிஸ் 2018ல ஆரம்பிச்சதோட அடிப்படையே ஸ்கேல் தான், படத்துல யாரு யாருக்கு எவ்ளோ உயரமோ கிட்டத்தட்ட அதே விகிதத்துல ரோபோங்க பக்கத்துல பக்கத்துல நிக்கணும். பம்பிள்பீ டீலக்ஸ், ஆப்டிமஸ் வாயேஜர் (நடு சைஸ்), க்ரிம்லாக் ப்ளாக்அவுட் லீடர்னு அப்படி பிரிச்சிருக்காங்க. நீங்க டீலக்ஸ் பம்பிள்பீ பக்கத்துல 2009 லீடர நிக்க வச்சா பீ இடுப்புக்கு வர்றதே சந்தேகம். தனியா நிக்கப்போற ஆப்டிமஸ்னா பரவால்ல. கூட்டத்தோடனா 44தான் சரி.

ஆனா 44 பத்தி ஒண்ணு தெரிஞ்சுட்டு வாங்குங்க. லீடர் விலைதான், ரோபோ மட்டும் வாயேஜர் சைஸ். மீதி காசு ட்ரெயிலருக்கு. அந்த ட்ரெயிலர்தான் டார்க் ஆஃப் த மூன்ல வர்ற ஜெட்விங்கா பிரிஞ்சு முதுகுல ஏறும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், மாட்டிட்டு நின்னா அந்த சிகாகோ சண்டை அப்படியே கண்ணு முன்னாடி வந்துடும், ஆனா பின்பக்கம் கனம் கூடி சாயப் பாக்கும், ஸ்டாண்ட் போட்டா நிம்மதி. ட்ரெயிலர் வேணாம்னா அதே வாயேஜர் சைஸ்ல எஸ்எஸ்-05 (ஸ்டுடியோ சீரிஸ் 05 ஆப்டிமஸ்) தேடுங்க, மலிவா முடியும்.

எம்பிஎம்-4 வேற லெவல்தான், அதுல மறுப்பே இல்ல. அங்கங்க மெட்டல் சேத்திருக்காங்க, கையில எடுத்தாலே கனம் தெரியும், பெயிண்ட் தீ ஜ்வாலை எல்லாம் பாத்துட்டே இருக்கலாம். ஆனா அடிக்கடி மாத்தறவங்களுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன். பெயிண்ட் அடிச்ச தகடும் தகடும் உரசி உரசி ஓரத்துல பெயிண்ட் போகும், மாத்தற ஒவ்வொரு தடவையும் மனசு பதறும். அவர் கேட்டது கையில வச்சு விளையாட. நிறமே பிளாஸ்டிக்ல கலந்து வர்ற ஃபிகர்தான் அதுக்கு லாயக்கு, கீறல் விழுந்தாலும் அடியில அதே கலர்தான் இருக்கும்.

பழைய_பிளாஸ்டிக்:

மீனா மேடம் எம்பிஎம் பத்தி சொன்னத ஒத்துக்கறேன். ஸ்கேல் விஷயத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன். சின்ன சைஸ்ல ஆப்டிமஸ மடக்கும்போது எதையாவது விட்டுக்கொடுத்துதான் ஆகணும், லாரியோட துண்டுங்க முதுகுல மூட்டையா தொங்கும், கிபிள்னு சொல்றோமே அதுதான். பெரிய உடம்புல மறைக்க இடம் இருக்கு. தனி ஆப்டிமஸ்னு அவரே சொல்லிட்டாரு.

கோவை_ட்ரக்மோட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, போய் பாத்துட்டு வந்துட்டேன். ஒரிஜினல்தான், கம்பெனி எழுத்து தெளிவா இருக்கு, தீ கோடு தகட்டுக்கு தகடு சேருது. அவரையே மாத்தச் சொன்னேன், பேச்சு குடுத்துக்கிட்டே மளமளன்னு மாத்திட்டாரு, எங்கயும் தடுமாறல. இடுப்பு முட்டி ரெண்டும் டக் டக்னு நல்ல சத்தம். பேட்டரி அறை சுத்தம், லைட் எரியுது. குறைன்னு பாத்தா மூணு. ஒரு பக்க புகைக்குழாய் வளைஞ்சிருக்கு. சாம்பல் கலர் தகடு ஒண்ணு லேசா மஞ்சளாயிருக்கு, ஜன்னல் பக்கமா வச்சிருந்தாராம். கால்ல பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) ஒண்ணு லொடலொடன்னு இருக்கு, பாதம் ஒரு பக்கமா மடங்கிக்குது. இத காட்டினதும் அவரே விலைய கொறைச்சுட்டாரு, அட்வான்ஸ் குடுத்துட்டேன். இந்த மூணையும் வீட்லயே சரி பண்ணலாமா?

ஜெட்விங்_மீனா:

வாழ்த்துகள்! பால் ஜாயின்ட்டுக்கு கலர் இல்லாத நெயில் பாலிஷ் போதும். அந்த உருண்டைய மெதுவா கழட்டி வெளிய எடுங்க, தூசி தொடைச்சு மெல்லிசா ஒரே ஒரு கோட் அடிங்க, ஒரு ராத்திரி முழுக்க காயட்டும், அப்பறம்தான் மாட்டணும். ஈரமா மாட்டினா ஒட்டிக்கிட்டு அப்பறம் திருகும்போது பால் கழுத்தே முறிஞ்சிடும். பத்தலைன்னா இன்னொரு கோட். ஒரேயடியா தடிமனா அடிக்காதீங்க, இறுக்கம் ஜாஸ்தியானா சாக்கெட் ஓரத்துல வெள்ளையா கோடு விழும், அதுதான் விரிசலுக்கு மொத அறிகுறி.

புகைக்குழாய் மெத்துன்னு இருக்கற பிளாஸ்டிக்னா ஹேர் ட்ரையர் இல்ல சுடுதண்ணி. கொதிக்கற தண்ணி வேணாம், கை தாங்கற சூட்ட விட கொஞ்சம் கூட. அந்த பார்ட் மட்டும் படற மாதிரி முக்குங்க, உள்ள எலக்ட்ரானிக்ஸ் இருக்கு, மறந்துடாதீங்க. மெத்துன்னு ஆனதும் விரலால நேராக்கி அப்படியே பிடிச்சுக்கிட்டு பச்சத்தண்ணில காட்டுங்க, அந்த வடிவத்துலயே நின்னுடும்.

பழைய_பிளாஸ்டிக்:

மஞ்சளுக்கு பெராக்சைட் போட்டு வெளுக்கற வைத்தியம் ஒண்ணு இருக்கு, லேசான மஞ்சள்னா நான் கை வைக்க மாட்டேன் தம்பி. அந்த தகட்ட தனியா கழட்டணும், சரியா பண்ணலைன்னா திட்டு திட்டா வெளுக்கும், பெயிண்ட் பட்ட இடமும் போகும். இனிமே வெயில் படாத இடத்துல வைங்க, அது போதும். ஜாயின்ட் இறுக்கமா இருந்தா சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு, சைக்கிள் எண்ணெய் துருப்பிடிச்சதுக்கு அடிக்கற ஸ்ப்ரே எதுவும் கிட்ட கொண்டு போகாதீங்க, சில பிளாஸ்டிக்க அது நாளாக நாளாக கெடுத்துடும். ஷெல்ஃப்ல எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி ஆன் ஆஃப் பாத்துட்டு பேட்டரிய வெளிய எடுத்துடுங்க.

கோவை_ட்ரக்மோட்:

நெயில் பாலிஷ் தங்கச்சி கிட்ட சொல்லி வச்சாச்சு. மீனா அக்கா, ஸ்கேல் பத்தி நீங்க சொன்னது மனசுல இருக்கு, எஸ்எஸ்-05 எங்கயாவது நல்ல லூஸ் பீஸ் வந்தா இங்க ஒரு வார்த்தை போடுங்க.